ட்ரெட்மில் போரடிக்குதா? அது போரடிக்கத்தானே செய்யும்!

முதலில் ஒரு சரித்திரத் தகவல். ட்ரெட்மில் என்பது உடம்பு இளைப்பதற்காகப் பிறந்த சாதனமே கிடையாது. 1818 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற இஞ்சினியர் ஜெயில் கைதிகளுக்காக அமைத்த சக்கரம் அது. சக்கரம் முழுக்கப் படிக்கட்டு. கைதி ஏறிக்கொண்டே இருப்பான், ஆனால் எங்கேயும் போய்ச் சேர மாட்டான். 1895ல் சிறைக்குப் போன எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைக்கூட அதில் ஏற்றினார்கள். உடம்பு வலியோடு சலிப்பும் சேர்ந்ததுதான் அந்தத் தண்டனை.

இன்றைக்கு மாசாமாசம் பணம் கட்டி, அதே பெயருள்ள பெல்ட்டில் ஏறி ஓடுகிறார்கள். பத்தாவது நாள் "செம போர்" என்கிறார்கள். போரடிக்காமல் பின்னே என்ன செய்யும்?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரைகள் தெரிந்ததுதான். இயர்போன் மாட்டிக்கொள். பாட்டை மாற்று. மொபைலில் சீரியல் பார்த்துக்கொண்டே நட. இதெல்லாம் கசப்பு மருந்துக்குத் தேன் தடவுகிற வேலை. தேன் தீர்ந்ததும் கசப்பு அப்படியே இருக்கும். இதையும் தாண்டி விட்டுவிட்டால், "உனக்கு மன உறுதி இல்லை" என்று பழி வேறு!

மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூச்சு வாங்குகிற எந்தப் பயிற்சியும் ருசிக்க மூன்றில் ஒன்றாவது வேண்டும். போய்ச் சேர ஓர் இடம். கூட ஓர் ஆள். கற்றுக்கொள்ள ஒரு வித்தை. இந்த மூன்றும் இல்லாத பயிற்சிதான் போரடிக்கிறது. இந்த மூன்றும் கொட்டிக் கிடக்கிற ஊர்களில் ஒன்று காரியாபட்டி.

சிரிக்க வேண்டாம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகிற நான்குவழிச் சாலையில் இருக்கிற அதே காரியாபட்டிதான்.

முதலாவது, போய்ச் சேர ஓர் இடம். அந்தச் சாலையில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் முருக பக்தர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். வருஷம் முழுக்க ஒரு கிலோமீட்டர் நடக்காத பெரியப்பா, 100 கிலோமீட்டருக்கு மேல் நடந்து திருச்செந்தூர் போய்ச் சேருவார். காலில் கொப்புளம் இருக்கும், "போரடிச்சுது" என்ற பேச்சு இருக்காது. அவருக்கு மட்டும் திடீரென்று மன உறுதி எங்கிருந்து வந்தது? போக ஓர் ஊர் இருந்தது, கூட பத்துப் பேர் இருந்தார்கள். அவ்வளவுதான்.

இரண்டாவது, வித்தை. கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. சிலம்பம் 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக இடம் பெற்றது. ஒயிலாட்டம் தென்மாவட்டத்துச் சொத்து. கையில் துணி, காலில் சலங்கை, அடவுக்கு அடவு வேகம் ஏறும். அடுத்த அடவு எப்போது வரும் என்று காத்திருக்கிற ஆளுக்கு எத்தனை கலோரி போச்சு என்று மீட்டர் பார்க்க ஏது நேரம்?

மூன்றாவதுதான் முக்கியம். முளைப்பாரிக் கும்மி.

தெரியாதவர்களுக்கு: மாரியம்மன், காளியம்மன் பொங்கலுக்குப் பயறு வகைகளை ஓட்டிலோ சட்டியிலோ விதைத்து, இருட்டு அறையில் முளைக்க வைப்பார்கள். காப்புக் கட்டியதிலிருந்து ஊர்வல நாள் வரைக்கும், ராத்திரி ராத்திரி பெண்கள் வட்டமாக நின்று கும்மி அடிப்பார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாட, குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, சுற்றி வர வேண்டும். மெதுவாக ஆரம்பிக்கும். போகப் போக வேகம் பிடிக்கும். பிறகு குலவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி அடுத்த பாட்டு.

கார்டியோவில் மிதமான பயிற்சிக்கு ஒரு சுலபமான சோதனை சொல்வார்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. கும்மியில் இதை அளக்கக் கருவியே வேண்டாம். பாட்டு தானாகத் திணறும்போது இதயம் சரியான வேகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வேகமும் ஓய்வும் மாறி மாறி வருவதை ஜிம்மில் "இன்டர்வல் ட்ரெய்னிங்" என்று பெயர் வைத்துச் சொல்லித் தருகிறார்கள். கந்தக பூமியின் கிழவிகள் பெயர் வைக்காமலே செய்துகொண்டிருந்தார்கள் :-)

இதில் விளையாட்டு இல்லாத ஒரு கணக்கும் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர், ஆண்களில் 37 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் பெண்கள் 30.9 சதவீதம்தான். இடையில் ஐந்தாறு வருஷம், பத்து சதவீதம்! விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு, தீப்பெட்டி வேலைகளில் பெரும்பகுதி உட்கார்ந்தே செய்கிறவை. காலையில் கம்பெனி வண்டி ஏறி, பகல் முழுக்க உட்கார்ந்து, சாயங்காலம் வந்து அடுப்படிக்குள் போகிற பெண்ணிடம் "தினமும் வாக்கிங் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுப்பது சுலபம். எங்கே போவது? நான்குவழிச் சாலை ஓரத்தில் லாரிக்கு நடுவிலா? விளக்கு இல்லாத கண்மாய்க் கரையிலா?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தை 2023 நவம்பர் 4ல் ஆரம்பித்தார்கள். 38 மாவட்டத்திலும் ஆளுக்கு 8 கிலோமீட்டர் நடைபாதை. டோக்கியோவில் பார்த்ததை வைத்து வந்த யோசனை. நல்ல விஷயம்தான். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால், மற்ற ஊர்க்காரர்கள் நடப்பதற்கு பஸ் ஏறிப் போக வேண்டும். டோக்கியோவிலிருந்து நடைபாதை வந்து சேர்ந்துவிட்டது, பக்கத்துத் தெருக் கும்மியைத்தான் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

"சாமி காரியத்தை எக்சர்சைஸ் ஆக்கலாமா?" முளைப்பாரியை யாரும் தொடச் சொல்லவில்லை. அது அதன் நாளில் நடக்கட்டும். வட்டமாக நின்று கை தட்டுவதற்குத் தனியாக உத்தரவு வேண்டியதில்லை.

"கும்மி அடித்தால் எடை குறைந்துவிடுமா?" அதனால் மட்டும் குறையாது. 70 கிலோ உடம்போடு அரை மணி நேரம் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் சுமார் 125 கலோரிதான் செலவாகும். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவில் ஒன்றைக்கூட அது முழுசாகக் கரைக்காது. எடை குறைவது பெரும்பாலும் தட்டில்தான். ஆனால் குறைந்த எடை திரும்ப ஏறாமல் நிற்பதற்கும், சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதற்கும் பயிற்சி விடாமல் தொடர வேண்டும். இன்னொன்று, உடம்பு 80லிருந்து 70 கிலோ ஆனால், அதே நடைக்கு ஆகும் செலவும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரே பெல்ட்டில் ஒரே வேகத்தில் வருஷக்கணக்கில் நடப்பவருக்குப் பலனும் சுருங்குகிறது, ருசியும் சுருங்குகிறது. வேகமும் வித்தையும் ஏறிக்கொண்டே போகிற ஆட்டத்தில் இந்தச் சிக்கல் குறைவு.

"முட்டி தாங்குமா?" நியாயமான கேள்வி. எடை அதிகம் உள்ளவர்கள் முதல் நாளே கயிறு தாண்டக்கூடாது. குதிக்காமல் அடிக்கிற மெதுவான கும்மியில் ஆரம்பிக்கலாம். சர்க்கரை, இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்றும் இருக்கிறது. பெரியமனுஷி ஆன பிறகு பெண்பிள்ளை தெருவில் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. பாண்டி, நொண்டி எல்லாம் அதோடு போச்சு. அதன் பிறகு பொது இடத்தில் ஆட அவளுக்கு ஊர் கொடுக்கிற அனுமதி, வருஷத்தில் அந்தச் சில ராத்திரிகள் மட்டும். அதிலும் எந்தத் தெருக் கும்மியில் எந்தத் தெருக்காரி நிற்கலாம் என்ற கணக்கு வேறு. மீதி நாளெல்லாம் வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு, நாற்பது வயதில் "உனக்கு உடம்பு போட்டிருச்சு" என்று கிண்டல் செய்கிறது அதே ஊர்.

அதனால் கேட்பது பெரிய திட்டம் இல்லை. அரசுப் பள்ளி மைதானத்தைச் சாயங்காலம் திறந்து வையுங்கள். பேரூராட்சி நாலு விளக்குப் போடட்டும். எல்லாத் தெருக்காரிகளும் வரட்டும். பாட்டு தெரிந்த ஆத்தாக்கள் சொல்லித் தரட்டும், கல்லூரிப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். ஆண்கள் பக்கத்தில் கபடியோ ஒயிலாட்டமோ வைத்துக்கொள்ளட்டும், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி. வாரம் மூன்று சாயங்காலம், தலா 50 நிமிஷம். 150 ஆகிவிட்டது!

எந்த மொபைல் ஆப்பும் "இன்று நீங்கள் வரவில்லை" என்று மணி அடிக்கும். அதைத் தள்ளிவிட்டுத் தூங்கிவிடலாம். "என்ன மதினி, நேத்து ஆளையே காணோம்?" என்று வாசலில் வந்து கேட்கிறவளை அப்படித் தள்ள முடியாது. மறுநாள் போய் நின்றுதான் ஆக வேண்டும்.