தெருமுனை யாருக்குச் சொந்தம்?

சாலையில் செத்தவன் மீதே பழியைப் போடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. “பார்த்து வரவில்லை”, “குறுக்கே ஓடினான்” என்று இரண்டு வார்த்தையில் கதை முடிந்துவிடுகிறது. பார்த்துத்தான் நடக்கவேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பதற்கு இடம் விட்டிருக்கிறார்களா? அதுதான் நம் கேள்வி.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் கணக்கே கூறுகிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாள் ஒன்றுக்குச் சுமார் தொண்ணூறு பேர்! தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டில் சாலையில் போன உயிர்கள் 17,884. நடந்து செல்பவர் யார்? பஸ்ஸை விட்டு இறங்கி வேலைக்குப் போகும் தொழிலாளி; நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் திரும்பும் தாய்; புத்தகப் பை சுமந்த பிள்ளை. இவர்கள் எல்லோரும் தெருமுனையில்தான் செத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தெருமுனைச் சாவு, கொஞ்சம் பெயிண்டும் நாலு குத்துக்கல்லும் இருந்தால் தடுக்கக்கூடிய சாவு. தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டால் அதற்கு விதி என்றா பெயர்?

மறைவில் நிற்கிறது மரணம்

திருப்பத்தின் விளிம்பிலேயே ஒரு காரோ வேனோ நிற்கிறது. சாலையைக் கடக்க வருபவருக்கு அந்த வண்டி ஒரு சுவர். எதிரே என்ன வருகிறது என்று பார்க்க அவர் தலையை நீட்டவேண்டும். தலை நீளும்போது உடம்பும் நடுச்சாலைக்கு வந்துவிடுகிறது. குழந்தையானால் நின்றாலும் தெரியாது, நடந்தாலும் தெரியாது. ஓட்டுபவர் நிலைமையும் அதுதான். ஆள் கண்ணில் படும் நேரமும் ஆள் மேல் மோதும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக் போட்டு நிற்பதற்குள் 12 மீட்டர் ஓடிவிடும். 48 கிலோமீட்டர் வேகமானால் 23 மீட்டர். இது பிரிட்டிஷ் சாலை விதி நூல் தரும் கணக்கு. மறைவிலிருந்து வெளிப்படும் பிள்ளைக்கும் வண்டிக்கும் இடையே ஐந்து மீட்டர்தான் இருக்கிறதென்றால், எந்தப் பிரேக் காப்பாற்றும்? எந்த ஓட்டுநரின் திறமை காப்பாற்றும்?

அதனால்தான் பிரிட்டனில் சந்திப்பிலிருந்து 10 மீட்டருக்குள் வண்டி நிறுத்தாதே என்று விதி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கடக்கும் இடத்திற்கு முன் 20 அடிக்குள் நிறுத்தினால் 2025 முதல் அபராதம். நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் உள்ள ஹோபோகன் என்ற சிறு நகரில், முனைகளில் கார் நிற்க முடியாதபடி கம்பங்களும் சைக்கிள் நிறுத்தும் சட்டங்களும் வைத்தார்கள். வேகத்தையும் குறைத்தார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரத் தெருக்களில் விபத்துச் சாவே இல்லை! முதலாளித்துவத்தின் கோட்டையில் முடிந்த காரியம் இங்கே ஏன் முடியாது?

காகிதத்தில் ஐம்பது மீட்டர்

இங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குவிதிகளின்படி, சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் வண்டியை நிறுத்தி வைக்கக்கூடாது. ஐம்பது மீட்டர்! நம் நகரங்களில் பல தெருக்களின் மொத்த நீளமே நூறு மீட்டர்தான். விதிப்படி பார்த்தால் தெரு முழுவதும் குற்றவாளிகள். எல்லோரும் குற்றவாளி என்றால் என்ன நடக்கும்? ஆள் பார்த்து அபராதம் விழும். பெரிய காருக்குச் சலாம், ஆட்டோவுக்குச் சலான்!

இதனால்தான் முனையைக் காலி செய்வது என்று பேச்செடுத்தாலே ஆட்டோத் தோழர்களுக்கும் தள்ளுவண்டித் தோழர்களுக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அவர்கள் பயம் நியாயமானது. இரண்டு சாலை சேரும் இடத்தில்தான் சவாரி கிடைக்கும். அங்கேதான் வியாபாரமும் நடக்கும். ‘பாதுகாப்பு’ என்று பெயர் சொல்லி அவர்களை விரட்டிவிட்டு, அதே இடத்தில் மறுநாள் கார்கள் நிற்பதை நாம் பார்க்காதவர்களா?

ஆனாலும் தோழர்களே, அந்தப் பயத்துக்காக இந்த விதியையே எதிர்ப்பது தவறு. முனையில் அடிபடுவது யார் பிள்ளை? பங்களாவின் பிள்ளை வாசலிலேயே காரில் ஏறுகிறது. நம் பிள்ளைதான் நடந்து போகிறது. ஆகவே நமது நிலை, “முனையைக் காலி செய், பிழைப்புக்கு இடம் கொடு” என்பதாக இருக்கவேண்டும்.

ஒரு கார் நிற்க நூறு சதுர அடிக்கு மேல் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே குடியிருக்கும் தொழிலாளி மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறான். அதே அளவு பொது நிலத்தில் இரவும் பகலும் நிற்கும் காருக்குப் பெரும்பாலான தெருக்களில் வாடகை இல்லை! பத்து மீட்டர் என்பது இரண்டு கார் நிற்கும் இடம். அதை ஊர் ஜனங்களின் உயிருக்காக விட்டுக்கொடுக்கச் சொன்னால் அது பெரிய தியாகமா?

நம் கோரிக்கை

முதலாவது: ஒவ்வொரு முனையிலும் முதல் பத்து மீட்டரை மஞ்சள் கோடு போட்டுக் குறிக்கவேண்டும். கோட்டோடு நிற்காமல் குத்துக்கல் நடவேண்டும். கல்லுக்கு எந்தக் காரும் ஒன்றுதான். அது கையூட்டும் வாங்காது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆலை வாசல் ஆகியவற்றின் அருகேயுள்ள முனைகளில் வேலையை முதலில் தொடங்கவேண்டும்.

இரண்டாவது: அந்தக் கோட்டுக்கு அப்பால், அருகிலேயே, ஆட்டோ நிலையத்துக்கு இடம் குறித்துப் பலகை வைக்கவேண்டும். இடம் கொடுத்த பிறகே அகற்றவேண்டும்.

மூன்றாவது: தெரு வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நாலு பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்கிறது அது. அந்தக் குழுவைக் கூட்டி, அவர்களைக் கேட்டு இடம் ஒதுக்கவேண்டும். போலீஸ் லத்தி அந்தக் குழுவுக்கு மாற்று அல்ல.

சர்க்காரிடம் இவ்வளவும் கேட்பவர்கள் தங்கள் வீட்டையும் கூட்டிப் பெருக்கவேண்டாமா? டீக்கடை முனையில் வரிசையாக நிற்கும் இரு சக்கர வண்டிகளில் நம் தோழர்களுடையவையும் உண்டு. திருப்பத்தை மறைத்து நிற்கும் தட்டிகளில் நம் மாநாட்டுத் தட்டியும் உண்டு. கட்சித் தட்டியாக இருந்தாலும் அது பிள்ளையின் கண்ணை மறைத்தால் மறைவுதான். கிளைத் தோழர்கள் இந்த வாரமே தங்கள் பகுதி முனைகளைப் போய்ப் பார்க்கட்டும். நம்முடையதை நாமே எடுத்துவிட்டு, மற்றக் கட்சியாரையும் எடுக்கச் சொல்லட்டும். எந்தெந்த முனையில் எது மறைக்கிறது என்று பட்டியல் எழுதி, ஜனங்களிடம் கையெழுத்து வாங்கி, வார்டு கவுன்சிலர் கையில் கொடுக்கட்டும். ஆட்டோ சங்கமும் வியாபாரிகள் சங்கமும் அந்த மனுவில் முதல் கையெழுத்துப் போடட்டும்.

அப்போது, ஏழையின் பிழைப்பைக் காட்டி ஏழையின் உயிருக்கு வழிவிட மறுக்கும் தந்திரம் செல்லாது. தெருமுனை காருக்குச் சொந்தமல்ல, காவலருக்கும் சொந்தமல்ல, தெருவைக் கடக்கும் ஒவ்வொரு காலுக்கும் சொந்தம்!