பள்ளி மேசையில் ஒரு கார் அடிச்சட்டம்
ஃபோர்டு ஆலை எழுந்த மறைமலை நகரும், வாகன ஆய்வு மையம் இயங்கும் மஹிந்திரா சிட்டியும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் உள்ளன. இங்குள்ள அரசுப் பள்ளிகளுக்கு மெக்கானோ போன்ற உலோகக் கட்டுமானப் பெட்டி அவசியம். லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்ற முறை இது. அரை அங்குல இடைவெளியில் துளையிட்ட பட்டைகளைத் திருகாணியால் பூட்டிக் காரின் அடிச்சட்டத்தையே உருவாக்கலாம். வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடுவதையும், அந்த வேறுபாட்டை டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் ஈடுகட்டுவதையும் மாணவர்கள் கையால் உருட்டியே அறிவார்கள். இதைக் கணினியில் காட்டலாமே என்பார்கள் சிலர். திரையில் அச்சு கோணுவதில்லை. இரும்பில் கோணினால் சக்கரம் இறுகி நிற்கும், காரணத்தைத் தேடவைக்கும். செலவு உண்டுதான், ஆனால் கழற்றி மாட்டும் பெட்டி பல ஆண்டு வகுப்புகளுக்கு உழைக்கும். மாமல்லபுரம் கடலோரப் பள்ளிகளிலிருந்தே இதைத் தொடங்க, மாவட்டத்தின் ஆலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை ஒதுக்கட்டும்.