அம்பின் அலகும் அடுப்படிக் கத்தியும்



கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இம்மாதம் என் மேசையில் இருக்கிறது. அவருடைய கணவர் முறைப்படி அனுமதிப் பத்திரம் பெற்று, வில்லால் மான் வேட்டைக்குப் போகிறவர். சென்ற பருவத்தில் அவர் எய்த அம்பு ஒரு மானின் தோளில் பட்டது. மான் ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. "அன்றிரவு அவர் சாப்பிடவே இல்லை, மௌலவி. இந்த வருடம் எந்த அம்பு முனையை வாங்குவது என்று கடை கடையாகக் கேட்டுத் திரிகிறார். அவர் கொண்டு வந்தால் சமைக்க வேண்டியவள் நான். எது சரி, எது ஹலால் என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

வேட்டைக் கதை நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கத்தி பிடிக்கும் கைகள் எல்லாவற்றுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

கடிதம் வந்த வாரம் குர்பானிக் கத்திகள் செய்விப்பதற்காகத் தெல்லிப்பழைக்குப் போயிருந்தேன். சோனகதெருவிலிருந்து காங்கேசன்துறை வீதியில் சுன்னாகம், மல்லாகம் தாண்டிப் போனால், ஒழுங்கை ஒன்றுக்குள் ஒரு கம்மாலை இருக்கிறது. 1990இல் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். அதே ஆண்டு போரால் தெல்லிப்பழை மக்களும் இடம்பெயர்ந்தார்கள். இரு பக்கத்தாரும் திரும்பி வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் எங்களுடையது. பனை சீவுகிறவர்களின் பாளைக்கத்தியை அடித்துப் பழகிய கை அவருடையது. கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"கூர் வேற, பதம் வேற, மௌலவி" என்றார் அவர். "ஆரும் தீட்டிக் கூராக்கலாம். பதம் இல்லாத இரும்பு எலும்பில பட்டா வளையும். பதம் கூடினா உடையும். அம்புக்கும் அதுதானே கணக்கு?"

எனக்கு நம் நாட்டு வேடுவர்களின் நினைவு வந்தது. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பிப்போன ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் ஒரு செய்தி சொல்கிறார். வேடுவர் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்களாம். அதனருகே தமக்கு வேண்டிய அம்பு அலகின் வடிவில் வெட்டிய இலை ஒன்றையும் தொங்கவிடுவார்களாம். கொல்லன் அந்த வடிவிலேயே செய்து கொடுத்தால், பிறகும் இறைச்சி கொண்டுவந்து நன்றி செலுத்துவார்களாம். வேட்டையையே வாழ்வாகக் கொண்டவர்கள் கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொள்ளவில்லை. இலையை வெட்டி அளவு காட்டினார்கள்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். தய்யி கோத்திரத்தைச் சேர்ந்த அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைப் பிரியர். 'மிஃராள்' என்ற ஒருவகை எறியம்பைப் பற்றி அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். கூரான பகுதி பட்டுக் கிழித்திருந்தால் உண்ணலாம், அகலப் பக்கம் மோதிச் செத்திருந்தால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணக் கூடாது என்ற கருத்தில் பதில் கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது. அடிபட்டுச் செத்ததை அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனமும் விலக்குகிறது. ஆக, ஹலாலைத் தீர்மானிப்பது விசை அல்ல, வெட்டு. அலகைத் தேர்ந்தெடுப்பது வெறும் கடைக் காரியம் அல்ல என்பது புரிகிறதா, சகோதரி?

உங்கள் கணவருக்கு நான் சொல்வது இது. கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, பறக்கும்போது மடங்கியிருந்து உடலில் பட்டதும் விரியும் அலகு. மற்றது அசையாமல் பொருத்திய அலகு. விரிவதற்கே அம்பின் விசையில் ஒரு பங்கு செலவாகும். சரிவாகப் பட்டால் சரியாக விரியாமலும் போகலாம். வலுவான வில்லில் அதுவும் வேலை செய்கிறது. ஆனால் பெரிய மிருகத்துக்கும் வலுக் குறைந்த வில்லுக்கும் அசையாத அலகே நம்பகமானது. அதிலும் முனையிலிருந்தே வெட்டத் தொடங்குவது நல்லது. இரண்டு அலகுள்ளது ஆழமாகப் போகும். மூன்று, நான்கு உள்ளது அகலமாக வெட்டும். அதற்கு விசை கூட வேண்டும். ஒன்டாரியோ சட்டப்படி மானுக்கான முனை குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலமும் இரண்டு கூரான விளிம்பும் கொண்டிருக்க வேண்டும். எடை பெரும்பாலும் 100 அல்லது 125 கிரெயின், அதாவது ஏறக்குறைய ஆறரை அல்லது எட்டு கிராம். தம் அம்புக்குப் பொருந்துவதை எடுக்கட்டும்.

அசையாத அலகுக்கும் ஒரு குறை உண்டு. காற்று அதைச் சிறகுபோல் பிடித்து அம்பைத் திருப்பிவிடும். ஆகவே வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே வகை முனையால் பழக வேண்டும். பழகி மழுங்கியதைத் தீட்டாமல் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. தாளை இழுபடாமல் வெட்டுகிறதா என்று பார்த்துவிட்டே அம்பறாத்தூணியில் வைக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீடு என்றால் மூடிவைக்க வேண்டும்.

ஆனால், எந்த முனையும் தவறான எய்தலைத் திருத்தாது. அம்பு மிருகத்தை அடித்து வீழ்த்துவதில்லை. இதயத்தையும் நுரையீரலையும் வெட்டி இரத்தத்தை வெளியேற்றியே கொல்கிறது. மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே எய்ய வேண்டும். அப்படி நிற்காவிட்டால் வில்லைத் தாழ்த்திவிட வேண்டும். எய்யாமல் திரும்புவதில் வெட்கமில்லை.

எய்யும்போது பிஸ்மில்லாஹ் சொல்லட்டும். உயிரோடு கிடைத்தால் உடனே அறுக்க வேண்டும். செத்துக் கிடந்து, அவருடைய அம்பின் அடையாளம் மட்டுமே இருந்தால் உண்ணலாம். தண்ணீருக்குள் செத்துக் கிடந்தால் வேண்டாம். கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது. இதுவும் அதீ (ரலி) அவர்களுக்குக் கிடைத்த விளக்கமே.

இதை வாசித்துவிட்டு இங்குள்ள பிள்ளைகள் வில்லைத் தூக்க வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் மானையும் மரையையும் பாதுகாக்கின்றன. நமக்கு உரியது குர்பானிக் கத்தியும் அடுப்படிக் கத்தியும்தான். அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுக்க வேண்டும், கத்தியைத் தீட்டி மிருகத்துக்கு இலேசாக்க வேண்டும் என்பது முஸ்லிமில் பதிவான நபிமொழியின் கருத்து. மிருகத்தின் கண்முன் கத்தி தீட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். பெருநாள் காலையில் மழுங்கிய கத்தியைத் தேடி எடுத்து, கட்டிய ஆட்டின் பக்கத்திலேயே உரைக்கும் வீடுகள் நம்மில் எத்தனை? முதல்நாளே எடுத்துத் தீட்டி வையுங்கள், தாய்மார்களே. ஆண்கள் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

கனடாச் சகோதரிக்கு இறுதியாக ஒரு வார்த்தை. அன்றிரவு உங்கள் கணவருக்குச் சோறு இறங்கவில்லை என்றீர்களே, அதற்காக அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். அந்த வருத்தம் இருக்கும்வரை அவர் கை அவசரப்படாது. அது மழுங்கிப்போனால் எந்த அலகும் உதவாது.

வல்ல அல்லாஹ் நம் கைகளுக்கு இரக்கத்தையும் நம் உணவுக்குத் தூய்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.