ஊவாவின் பெயரில் ஒரு கிண்ணம்

2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி இரவு, கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் ஊவா கிண்ணம் வென்றது. பதுளை பஸ் நிலையத்தில் நின்று இச்செய்தியை இன்று யாரிடமாவது கூறிப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பத்தாமவர் கிரிக்கெட் பைத்தியமாக இருந்தால், "ஓ, அந்த ஊவா நெக்ஸ்டா?" என்று கேட்பார்.

ஆம், அதேதான். இலங்கை பிரீமியர் லீக் என்ற பெயரில் ஏழு மாகாண அணிகள் மோதிய முதலாவது தொடர் அது. கடைசித் தொடரும் அதுவே. வயம்பவுக்கு மஹேல ஜயவர்தன இருந்தார். கந்துரட்டவுக்கு குமார் சங்கக்கார இருந்தார். நாகெனஹிரவுக்கு அஞ்சலோ மெத்தியூஸ். ஊவாவின் தலைவரோ திலின கண்டம்பி. திறமைசாலி என்றாலும் தேசிய அணியில் நிலையான இடம் கிடைக்காதவர். அந்த அணி அரையிறுதியைத் தாண்டி, இறுதியில் மழை குறுக்கிட்ட ஆட்டத்தில் டக்வேத் லூயிஸ் முறைப்படி நாகெனஹிரவை 20 ஓட்டங்களால் வென்றது. எளியவன் வலியவனை வீழ்த்தும் கதை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்தது. ஆனால் அந்த எளியவன் யார் என்று தேடப் புகுந்தபோதுதான் கசந்தது.

ஊவா மாகாணம் என்பது பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்கள். தொடரின் ஆட்டங்கள் நடந்ததோ கொழும்பிலும் பல்லேகலையிலும். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தின் புல்லை அந்த அணியின் ஒரு பந்தும் தொடவில்லை. ஏழு அணிகளையும் விலைக்கு வாங்கியவை இந்தியக் கம்பனிகள். அடுத்த ஆண்டே அணி உரிமையாளர்கள் பணக் கடப்பாடுகளை நிறைவேற்றாத நிலையில் தொடர் கைவிடப்பட்டது. 2012 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவுக்குச் சென்று சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுடன் திரும்பிய பின், ஊவா என்ற அணி பூமியில் இல்லை. 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது கொழும்பு, தம்புள்ளை, காலி, யாழ்ப்பாணம், கண்டி என ஐந்து அணிகள் எடுக்கப்பட்டன. ஊவாவுக்குப் பெயரளவிலும் இடமில்லை.

இதில் எனக்கு வியப்பில்லை. ஊவா என்பது நெடுங்காலமாகவே ஒரு சிட்டைதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலைச்சரிவுகளில் கச்சான் காற்று வீசும்போது கொழுந்தில் ஏறும் அந்தத் தனி மணத்துக்காக உலகச் சந்தையில் 'ஊவா' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளுக்கு, மன்னிக்கவும், மூன்று எழுத்துகளுக்கு, தனி விலை உண்டு. ஊவா நெக்ஸ்ட் கிண்ணம் வென்றதும் அதே பருவத்தில்தான். பெயர் கொழும்பில் ஏலம் போயிற்று; பெயருக்குரியவர்கள் கூடையுடன் மலையில் நின்றார்கள். தேயிலைக்கு நடந்ததே கிரிக்கெட்டுக்கும் நடந்தது.

அந்த அணியில் ஒருவர் இருந்தார். ஷிவ்நரைன் சந்தர்போல். மேற்கிந்தியத் தீவுகளுக்காக 164 டெஸ்ட் போட்டிகளில் 11,867 ஓட்டங்கள் குவித்தவர். கயானாவின் யூனிற்றி என்ற கிராமத்தில் பிறந்தவர். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்களின் வழித்தோன்றல். நம் பாட்டன்மார் கோப்பிக்கும் தேயிலைக்குமாக மன்னார் வழியே நடந்து வந்த அதே நூற்றாண்டில் அவர் முன்னோர் சீனிக்காகக் கடல் கடந்தார்கள். ஊவாவின் சட்டையை அணிந்து ஆட, தோட்டத் தொழிலாளர் பரம்பரையில் வந்த ஒரு மகாவீரர் கயானாவிலிருந்து வரவேண்டியிருந்தது. பசறையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ ஒருவரும் வரவில்லை. ஏன் என்று கேட்டால் உடனே ஒரு பதில் தயாராக இருக்கும்: "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் ஈடுபாடு குறைவு."

இந்தப் பதிலைப் படித்தவர்கள் வாயிலிருந்து நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களுக்காகத்தான் கயானாவை இன்னும் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கயானாவின் பேர்பீஸ் பகுதியில் போர்ட் மூரன்ட் என்றொரு சீனித் தோட்டம். வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்புகள். நம் லயங்களைப் பார்த்தவர்களுக்கு வர்ணனை வேண்டியதில்லை. அந்த ஒரு தோட்டத்திலிருந்து ரோஹன் கன்ஹாய், பசில் புட்சர், ஜோ சொலமன் ஆகிய மூவர் புறப்பட்டு, 1958-59இல் இந்தியாவுக்குச் சென்ற மேற்கிந்திய அணியில் ஒன்றாக இடம்பெற்றார்கள். கல்கத்தா டெஸ்டில் கன்ஹாய் எடுத்தது 256 ஓட்டங்கள். 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் உலகின் முதலாவது 'சமநிலை' டெஸ்ட் போட்டி சமநிலையில் முடிந்தது சொலமன் எறிந்த ஓர் எறியால். பின்னர் அதே மண்ணிலிருந்து அல்வின் காளிச்சரண் வந்தார்.

இது தெய்வச் செயலா? இயற்கையான திறமை இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மைதானம் இருந்தது. 1954இல் கயானாவின் சீனி உற்பத்தியாளர் சங்கம், அந்நாளில் உலகின் தலைசிறந்த துடுப்பாட்ட வீரர்களுள் ஒருவரான கிளைட் வோல்கொட்டை வேலைக்கு அமர்த்தியது. தோட்டம் தோட்டமாகச் சென்று கிரிக்கெட்டை ஒழுங்குபடுத்துவதே அவருக்குத் தரப்பட்ட பணி. சீனி முதலாளிகள் தர்மவான்கள் என்று நான் சொல்லவில்லை. கொந்தளித்துக் கொண்டிருந்த தொழிலாளர்களைச் சற்று அமைதிப்படுத்தும் கணக்கும் அதில் இருந்திருக்கலாம். எந்தக் கணக்கில் செய்தாலும், செய்தார்கள். பலன் உலகறிந்தது.

நம் முதலாளிகளும் விளையாட்டை அறியாதவர்கள் அல்லர். 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் டம்பத்தன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து பார்த்த மலைமுகட்டுக்கு இன்றும் உல்லாசப் பயணிகள் ஏறுகிறார்கள். அமெரிக்கக் கிண்ணம் எனப்படும் பாய்மரப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை தோற்றவர் அவர். ஒவ்வொரு தடவையும் புதுப் படகு. உதைபந்தாட்டத்துக்கும் வாரி வழங்கினார். 1905இல் ஆர்ஜென்டீனாவும் உருகுவேயும் மோத ஒரு கிண்ணம். 1909இல் இத்தாலியின் டூரின் நகரில் இன்னொன்று. டூரின் கிண்ணத்தை 1909இலும் 1911இலும் வென்றது யார் தெரியுமா? இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியிலிருந்து வந்த வெஸ்ட் ஒக்லண்ட் என்ற சிற்றூர் அணி. பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். 1911 இறுதியாட்டத்தில் ஜுவெண்டஸ் அணியை 6-1 என்று அவர்கள் நொறுக்கினார்கள். தேயிலைப் பணத்தில் செய்த கிண்ணத்தைச் சுரங்கத் தொழிலாளி தூக்கினான். மகிழ்ச்சி. அந்தத் தேயிலையைக் கிள்ளியவளின் மகனுக்கு ஒரு பந்து கொடுப்பது மட்டும் யாருடைய கணக்கிலும் வரவில்லை. துரைமார் தங்களுக்கென்று கிளப் வைத்துக்கொண்டு ரக்பி ஆடினார்கள். நம்மவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"முத்தையா முரளிதரன் வரவில்லையா?" என்று இந்த இடத்தில் ஒருவர் கையை உயர்த்துவார். எப்போதும் உயர்த்துவார். 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்த அந்த மனிதரைக் காட்டி, முயன்றால் மலையகத்து எவரும் முன்னேறலாம் என்று பிரசங்கம் செய்வார். முரளியின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர் என்பது உண்மை. ஆனால் தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். மகன் படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே ஆடுகளம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார், ஒவ்வொரு பருவமும் பலமான பாடசாலைகளுடன் போட்டி இருந்தது. முரளியின் சாதனையில் ஓர் அணுவையும் நான் குறைக்கவில்லை. லயத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தின் பிள்ளைக்கு வழி திறந்தது என்பதுதான் அவர் கதை. லயத்திலேயே இருப்பவனுக்கு அதை ஆதாரமாகக் காட்டுவது நேர்மையல்ல.

லயத்தில் இருப்பவனின் நிலை என்ன? தோட்டப் பாடசாலைகளை அரசு எழுபதுகளில் பொறுப்பேற்றது. கட்டடங்கள் வந்தன, ஆசிரியர்களும் ஓரளவு வந்தார்கள். மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்த யாரும் வரவில்லை. கொழுந்து மடுவத்தின் முன்றில்தான் பல இடங்களில் ஆடுகளம். பந்து சரிவில் உருண்டால் எடுத்துவர ஒருவன் கீழ்மலைக்கு ஓட வேண்டும். இந்நிலையில் வலய மட்டத்தில் ஓர் அணி எப்படியோ வெல்கிறது என்று வையுங்கள். மாகாண மட்டப் போட்டிக்குப் போக வாகன வாடகை யார் தருவது? சப்பாத்து? தாயின் ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் ஏறவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ரூபா ஆயிற்று. தரமான ஒரு கிரிக்கெட் மட்டைக்குப் பல வாரக் கொழுந்து தேவை. எனவே அதிபரும் இரண்டு ஆசிரியர்களும் தம் பையிலிருந்து போட்டு அனுப்புகிறார்கள். ஆண்டுதோறும் ஏதோ ஒரு தோட்டத்தில் இது நடக்கிறது. அங்கே பெரிய பாடசாலையிடம் தோற்றுத் திரும்பும் அணியைப் பார்த்து "ஈடுபாடு குறைவு" என்று எழுதுவதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ!

விளையாட்டு வயிற்றை நிரப்புமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். இந்த நாட்டில் நிரப்புகிறது. தேசிய மட்டத்தில் பிரகாசித்தவருக்குப் பல்கலைக்கழக விசேட அனுமதி உண்டு. முப்படையும் பொலிசும் வீரர்களைத் தேடி எடுக்கின்றன. கொழும்பின் பெரிய கம்பனிகள் தம் அணிகளுக்காக வேலை கொடுக்கின்றன. பரீட்சைக்கு அடுத்தபடியாக ஏழைப் பிள்ளை ஏறக்கூடிய ஏணி இதுதான். அந்த ஏணியின் முதற்படியே நம் மலைகளில் இல்லை. மொனராகலையிலும் மஹியங்கனையிலும் உள்ள சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் ஏறக்குறைய இதே கதிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊவா என்ற பெயரை விற்றபோது அவர்களையும் சேர்த்துத்தான் விற்றார்கள்.

பத்திரிகைகளைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. பல தசாப்தங்கள் அச்சு மையுடன் வாழ்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு பத்திரிகையில் நான் கடமையாற்றிய நாட்களில், பதுளையிலிருந்து பாடசாலை உதைபந்தாட்டச் செய்தி வந்தால் கொழும்புக் கல்லூரிகளின் 'பெரும் சமர்' படத்துக்கு இடம் போதாது என்று அதுதான் முதலில் வெட்டப்படும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையை மண் மூடியபோது ஊவாத் தோட்டத்துக்கு முதற்பக்கம் கிடைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது மறுபடியும் கிடைத்தது. நம் பிள்ளைகள் சடலமாக மீட்கப்பட்டால் முதற்பக்கம். கோல் போட்டால் இடமில்லை.

அரசியல்வாதிகளை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2014 செப்டெம்பர் 20இல் ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்தது. தோட்டங்களுக்குச் சீருடைகளும் பந்துகளும் வந்து இறங்கின, முதுகில் வேட்பாளரின் பெயரோடு. 2019இல் சபை கலைந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலும் இல்லை, பந்தும் இல்லை. ஒரு பந்து எத்தனை ஆண்டு உழைக்கும் என்று நினைக்கிறார்கள்?

காணி இல்லை என்பார்கள். காணிச் சீர்திருத்தத்தின் பின் இந்த மலைகள் அரசின் சொத்து. 1992 முதல் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளின் கையில். அவை குத்தகைக்காரர்கள், உரித்தாளர்கள் அல்லர். கைவிடப்பட்டுப் பற்றையாகிக் கிடக்கும் தேயிலை மலைகளை எல்லோரும் பார்க்கிறோம். நான் கேட்பது அற்பம். ஸ்பிரிங்வெலிப் பக்கம் ஒன்று, பசறையில் ஒன்று, நமுனுகுலவில் ஒன்று, பூனாகலையில் ஒன்று, அப்புத்தளையில் ஒன்று. மண்சரிவு ஆபத்தில்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சான்றளிக்கும் இடத்தில், அளந்து எல்லையிட்டு, பாடசாலையின் பெயரில் எழுதிக் கொடுக்கப்பட்ட மைதானம். ஒவ்வொன்றுக்கும் சம்பளம் பெறும் ஒரு பயிற்றுநர். மாகாணப் போட்டிக்குச் செல்லும் அணிக்குப் போக்குவரத்துச் செலவு மாகாணக் கல்வித் திணைக்களத்தின் பொறுப்பு என்று எழுத்தில் ஓர் உத்தரவு.

இந்த ஐந்து மைதானங்களுக்கான கோரிக்கையை யாரிடம் கையளிப்பது என்று கேட்டு எழுதும் அதிபர்களுக்கு: ஆளுநருக்கும், உங்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் கம்பனியின் கொழும்புத் தலைமையகத்துக்கும் ஒரே நாளில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிரதியொன்றை எனக்கும் அனுப்பினால் பதில் வரும்வரை மாதம் ஒருமுறை இங்கே எழுதிக்கொண்டிருப்பேன்.