தென்னை மட்டைக்கு மேலே வந்தவர்கள்

சென்ற இதழில் வானத்து மர்ம வெளிச்சம் பற்றி நான்கு பக்கம் எழுதிய நண்பர், அது என்ன என்பதையும் அதற்குள்ளேயே எழுதிவிட்டார். அவருக்குத்தான் அது தெரியவில்லை.

மார்கழி மாதம், இரவு 8 மணி, மொட்டை மாடி. கிழக்கே சற்றுத் தெற்கு தள்ளி, தென்னை மட்டைக்கு மேலே ஒரு வெளிச்சம். சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மாறி வெட்டுகிறது. அரை மணி நேரத்தில் மெல்ல மேலே ஏறுகிறது. ஒரு வாரம் தவறாமல் வருகிறது, தினமும் கொஞ்சம் சீக்கிரமாக. ஆகவே, வேற்றுக்கிரகத்தார் நம்மை வேவு பார்க்கிறார்களாம்!

ஐயா, அந்தக் 'கொஞ்சம்' எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்தீர்களா? எல்லா நட்சத்திரங்களும் முந்தைய நாளைவிடச் சுமார் 4 நிமிடம் முன்னதாகத்தான் உதிக்கும். பூமி சூரியனைச் சுற்றுவதால் விழும் வித்தியாசம் அது. நீங்கள் சொல்லும் திசையில், அந்த நேரத்தில் ஏறி வருவது சிரியஸ், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். ஆருத்ரா தரிசனத்துக்குரிய திருவாதிரைக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்குமே, அந்த வரிசையைக் கீழ்நோக்கி நீட்டினால் கிட்டத்தட்ட அதில்தான் போய் முட்டும். தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி நிறையக் காற்றைக் கடந்து வர வேண்டும். கலங்கிக்கொண்டே இருக்கும் காற்று ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவில் வளைக்கிறது. ஒரு கணம் சிவப்பு வந்து சேரும், மறுகணம் நீலம்.

"இடமும் வலமுமாக அசைந்தது" என்கிறார். இருட்டில் தனியாக நிற்கும் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் யார் கண்ணுக்கும் அசையும். மாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்போடு சேர்த்துப் பார்த்திருந்தால் ஆட்டம் நின்றிருக்கும். செல்போனில் பெரிதாக்கியபோது தட்டு வடிவம் தெரிந்ததாம். ஃபோகஸ் விலகினால் தெருவிளக்கும் பறக்கும் தட்டுதான்.

அடுத்து ராணுவத்தைத் துணைக்கு இழுக்கிறார்: லடாக் எல்லையில் வீரர்களே பார்த்தார்களாம். பார்த்தார்கள்தான். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை 329 முறை பார்த்துப் பதிவும் செய்தார்கள். அதில் 155 முறை எல்லை தாண்டி வந்ததாகக் கணக்கு. சீன உளவு விமானம் என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொன்ன பதில்: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. கதையின் முன்பாதியை மட்டும் அச்சேற்றிவிட்டுப் பின்பாதியை விழுங்குவதற்கு மறதி என்று பெயரில்லை.

"செயற்கைக்கோள் பளிச்சிடாது" என்பது இன்னொரு தீர்ப்பு. இரிடியம் செயற்கைக்கோள்களின் கதவளவு ஆன்டெனாக்கள் சூரிய ஒளியைத் திருப்பியடித்துச் சில நொடி வெள்ளியையும் மிஞ்சியதை இருபது ஆண்டுகள் உலகமே பார்த்தது. 1984, 85இல் பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தருகே திரும்பத் திரும்பப் பளிச்சிட்டதைக் கனடாவின் வானியல் ஆர்வலர்கள் புதுவகை விண்பொருளோ என்று நினைத்தார்கள். செயற்கைக்கோள் மினுக்கம்தான் என்று 1987இல் மற்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஆர்வலர்களும் தவறினார்கள்தான். ஆனால் நேரத்தையும் இடத்தையும் குறித்து வைத்துத் தவறினார்கள். அதனால்தான் பிறர் சரிபார்க்க முடிந்தது.

"விஞ்ஞானிகள் வாயடைத்து நிற்கிறார்கள்" என்று முடிக்கிறார். எந்த விஞ்ஞானி? நான்கு பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை. கையில் இருந்த அதே செல்போனில் வான்வரைபடச் செயலியைத் திறந்து தென்னை மட்டைப் பக்கம் திருப்ப ஒரு நிமிடம் போதும். திருப்பியிருந்தால் கட்டுரை போயிருக்கும்.