படைத்திறமும் வணிக அறமும்

திருக்கழுக்குன்ற மலையில் உள்ள ஒருகல் மண்டபம் பல்லவர் காலக் குடைவரை. பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த டச்சுக்காரர்கள் தம் பெயர்களை அதன் சுவரில் பொறித்துச் சென்றுள்ளனர். அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வணிகம் செய்தவர்கள் அவர்கள். வணிகத்தில் போர்த்திறச் சிந்தனை எதுவரை உதவும் என்பதை அவர்களது வரலாறு உணர்த்துகிறது.

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் நறுமணப் பொருள்களைத் தேடிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றது. அத்தீவினர் விரும்பியதோ சோழமண்டலக் கடற்கரையின் துணி. ஆகவே, அந்நிறுவனம் இங்குள்ள வணிகர்களுக்கு முன்பணம் அளித்து, அவர்கள் வழியே நெசவாளர்களிடம் துணி பெற்றது. இலக்கைத் தொலைவில் வைத்து, அதற்குரிய வழியை முன்கூட்டியே அமைப்பது தேர்ந்த படைத்தலைவரின் இயல்பு.

இத்தகைய நெடுநோக்கு இன்றைய தொழில்முனைவோருக்கும் தேவை. சிறுதொழிற்கூடம் ஒன்று பெரிய ஆலைக்கு உதிரிப்பாகம் வழங்க விரும்பினால், முதலில் மாதிரியைத் தர வேண்டும். தரச் சோதனையில் தேற வேண்டும். குறித்த நாளில் சரக்கை அனுப்பி நம்பிக்கை பெற வேண்டும். ஓர் ஒப்பந்தம் கைகூட ஆண்டுகள் பல ஆகலாம்.

திருக்குறள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளது. அரசர்க்கு உரைத்த அம்மூன்றும் தொழிலுக்கும் பொருந்தும். தன் ஆற்றலை அறியாமல் பெரும் பணியை ஏற்பவர் இடையில் தடுமாறுவார். ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பது, படை முழுவதையும் ஒரே வாயிலில் நிறுத்துவதற்கு ஒப்பாகும். நம் செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலைநகரில் இயங்கிய ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் மகிழுந்து உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் அங்குக் கடைசி மகிழுந்து உருவானது. வாங்குவோர் பலரைப் பெற்றிருப்பதன் அருமை இத்தகைய வேளையில்தான் விளங்கும்.

ஆயினும், போரும் வணிகமும் ஒன்றல்ல. போரில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டும்; வணிகத்திலோ இருவரும் வாழ்ந்தால்தான் உறவு நீடிக்கும். இவ்வேறுபாட்டை டச்சு நிறுவனம் மறந்தது. சாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளை 1621இல் படைகொண்டு கைப்பற்றி, அங்கு வாழ்ந்தோரைக் கொன்று குவித்தது. ஆயுதத்தால் காத்த வணிகத்தை ஆயுதமே பறித்தது. 1781இல் சதுரங்கப்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1799இன் இறுதியில் அந்நிறுவனமே முடிவுற்றது. கோட்டையின் சிதைவுகளே இன்று எஞ்சியுள்ளன.

நாளை தொழில் தொடங்கவிருக்கும் மாணவர்களே! படைத்தலைவரிடமிருந்து பொறுமையையும் திட்டமிடலையும் கற்றுக்கொள்ளுங்கள், பகைமையைக் கற்றுக்கொள்ளாதீர்கள். உங்களிடம் பொருள் வாங்குபவரும் உங்களுக்குப் பொருள் தருபவரும் நீங்கள் வெல்ல வேண்டிய பகைவர் அல்லர். உடன் வளர வேண்டிய துணைவர்.