ஆக்கலும் காத்தலும்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு அரசின் பொருளாதாரக் கொள்கையில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். பொருட்பாலை எழுபது அதிகாரங்களில் விரித்த வள்ளுவரை நாள்தோறும் வகுப்பிலே கற்பிக்கும் நாம், அவர் கூற்றை நம்மூரின் நிலையோடு ஒப்புநோக்காது விடுவோமாயின், நமது கற்பித்தல் வெறும் பொழிப்புரையோடு நின்றுவிடும்.

இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் அரசுக்கு வேண்டிய வல்லமைகள் நான்கு கூறப்படுகின்றன. பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைத் திரட்டுதல், திரட்டியதைப் பேணிக் காத்தல், காத்ததை முறையறிந்து பங்கிடுதல் என்பன அவை. இந்நான்கனுள் முதலாவதில் நம் நாட்டு அரசுகள் காட்டிய ஊக்கத்தைப் பின்னிரண்டிலும் காட்டவில்லை என்பதே நமது துணிபு. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. திருகோணமலையிலிருந்து கண்டி வீதியில் ஏறத்தாழ இருபத்தைந்து மைல் தொலைவிலுள்ள கந்தளாயே போதிய சான்றாகும்.

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது நம் மரபு. இரண்டாம் அக்கபோதி என்பது சூளவம்சத்தின் கூற்று. யார் கட்டியதாயினும், பல நூற்றாண்டுகளாக இம்மண்ணை வாழ்விப்பது அக்குளம். குளக்கோட்டன் திருப்பணி செய்ததோடு அமையாது, தானத்தார், வரிப்பற்றார் முதலியோரை இருத்தி, இன்னார்க்கு இன்ன கடமை என வகுத்தான் எனக் கோணேசர் கல்வெட்டு கூறும். கட்டுவதும் காப்போரை அமர்த்துவதும் ஒரே பணியின் இரு கூறுகள் எனப் பண்டையோர் கருதினர் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். காப்பார் அற்ற காலத்தே குளம் காடாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில ஆட்சியினர் அதனைத் திருத்தினர்.

சுதந்திரத்தின் பின் அரசின் நோக்கு உலர்வலயத்தின்மீது திரும்பியது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்கள் எழுந்தன, காடு கழனியாயிற்று, நிலமற்ற ஏழைகள் பலர் நிலம் பெற்றனர். எங்கிருந்து வந்த உழவராயினும் அவர்தம் உழைப்பை நாம் குறைத்து மதிப்போமல்லோம். ஆயினும், நிலத்தை யாருக்கு வழங்குவது என்னும் முடிவில் இம்மாவட்ட மக்களுக்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை. 1957ஆம் ஆண்டுப் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் உடன்படிக்கை, குடியேறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்குவதாகக் கூறிற்று. 1958இல் அவ்வுடன்படிக்கை கைவிடப்பட்டது. பங்கீட்டில் முறை தவறியமையால், நெல் விளைந்த நிலத்திலேயே ஐயமும் பகையும் உடன் விளைந்தன.

இனிக் காத்தலுக்கு வருவோம். 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் வைகறையில், ஊர் உறங்கிக்கிடந்த வேளையில், கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் வெள்ளத்தில் அழிந்தன. மண்ணாலான கட்டின் உட்புறத்தைக் கசிவுநீர் அரிக்கத் தொடங்கும்போது, அது வெளியே சிறிய ஈரமாகவே தோன்றும். அதனை நாள்தோறும் நடந்து பார்க்கும் கண்ணும், கண்டதை உடனே செவிமடுக்கும் அலுவலகமும், செப்பனிடப் பணமும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் இரண்டரை மைல் நீளக் கட்டும் நம்பத்தகாததாகும்.

சீனித் தொழிற்சாலையின் கதையும் இத்தகையதே. செக்கோசிலவாக்கியாவின் உதவியுடன் அமைந்த அவ்வாலை 1960இல் இயங்கத் தொடங்கியது. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தவும் பலருக்குத் தொழில் வழங்கவும் அது உதவும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் ஆலை என்பது பொறி மட்டுமன்று. வெட்டிய கரும்பு தாமதமின்றி ஆலையை அடையாவிடின் அதன் இனிப்புக் குன்றும். அரைவைக்காலம் முழுதும் கரும்பு தொடர்ந்து வராவிடின் பொறி சும்மா கிடக்கும். ஒரே குளத்து நீரைக் கரும்பும் நெல்லும் பங்கிட வேண்டியிருந்தது. ஆலையின் கொள்ளளவுக்கு ஏற்ற கரும்பு கிட்டாமை அதன் நெடுநாள் நோயாயிற்று. 1993இல் அது மூடப்பட்டது. மீளத் திறக்கப்போவதாகப் பின்னர் அறிவிப்புகள் பல வந்தன, முதலீட்டாளருடன் பிணக்கும் வந்தது, பொறிகளோ துருவேறின. நாடு தனக்கு வேண்டிய சீனியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்தே வந்துள்ளது. 2020 ஒக்டோபரில் கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவாக இருந்த இறக்குமதித் தீர்வை 25 சதமாகக் குறைக்கப்பட்டபோது, அரசு பெரும் வருவாயை இழந்தது. மக்களுக்கோ அதற்கேற்ற விலைக்குறைவு கிட்டவில்லை. திரட்டலிலும் தவறினோம் என்பதற்கு இதுவொன்றே போதும்.

2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டதையும், அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதையும், அதற்குள் வயல்கள் பட்ட பாட்டையும் கந்தளாய் உழவர் மறவார். 2022 ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது.

வறிய நாடு முதலில் ஆக்கவேண்டியதை ஆக்கட்டும், காத்தல் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பர் சிலர். நாம் இதனை ஏற்கவில்லை. செல்வமுள்ள நாடு உடைந்ததை மீண்டும் கட்டலாம். வறிய நாட்டுக்கே அந்த வசதி இல்லை. உடைந்த குளக்கட்டை மீளக் கட்டிய செலவும், மாண்டோரின் குடும்பங்கள் பட்ட துயரும், ஒவ்வோராண்டும் செப்பனிடும் செலவினும் பன்மடங்கு பெரியவை. ஆகவே, பேணும் பணத்தை ஒதுக்காத எத்திட்டத்துக்கும் அடிக்கல் நாட்டுதல் ஆகாது. குளக்கட்டுச் சோதனையின் அறிக்கை, கீழே வாழும் மக்களுக்கு விளங்கும் மொழிகளில் ஆண்டுதோறும் வெளிவரல் வேண்டும். திட்டத்தின் பயனை நுகர்வோரும் அதனால் இடருறக்கூடியோரும் அதன் பரிபாலனத்தில் இடம்பெறல் வேண்டும்.

இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். திறப்புவிழாக் கல்லில் பெயர் பொறிப்பதில் நமக்குள்ள ஆர்வம், ஒழுகும் கூரையை மாற்றுவதிலும் நூலகத்துப் புத்தகங்களைக் கறையானிடமிருந்து காப்பதிலும் உண்டா? அரசிடம் நாம் காணும் குறை நம் சங்கங்களிலும் இல்லாதிருத்தல் வேண்டும். இன்றைய மாணவருள் நாளைய பொறியியலாளரும் கணக்காளரும் நிருவாக அதிகாரிகளும் இருக்கின்றனர். திருகோணமலை நகரத்தார் அருந்தும் நீர் கந்தளாயிலிருந்து வருவது. அந்நீரைக் குடித்து வளர்ந்த அவர்கள், புதியன ஆக்குவோராக மட்டுமன்றி, உள்ளனவற்றைக் காப்போராகவும் விளங்குவார்களாக.